இந்த வீட்டில் யார் யோசிக்கிறது?

அலுவலக வீடியோ கூட்டத்தின் நடுவில் வைத்தியலிங்கம் வீட்டுக் கணினி உறைந்து நின்ற நேரத்தில் அவருடைய மகன் இளவழுதி வாயைத் திறந்துகொண்டிருந்தான். அதுதான் வினையாகப் போயிற்று. வாயை மூடிக்கொண்டு ஒருவன் உறைந்தால், ஏதோ ஆழ்ந்த சிந்தனையில் இருக்கிறான் என்று உலகம் மரியாதை கொடுக்கும். திறந்தபடி உறைந்தால் கொடுக்காது. கனடாவில் உட்கார்ந்திருந்த மேலதிகாரியும் அவருக்குக் கீழே இருந்த கூட்டமும், கொட்டாவியின் நடுவழியில் நின்றுபோன அந்த முகத்தை ஒரு தேநீர் குடித்து முடிக்கும் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாளிலிருந்து அந்த அலுவலகத்தில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் அந்த முகம்தான் வாழ்த்துப் படமாகப் போயிற்று.

"இன்னொரு தடவை இப்படி நின்னா என்னைய அனுப்பிருவாங்கப்பா" என்றான் இளவழுதி. "மேனேஜர் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. அதான் பயமா இருக்கு."

பாளையங்கோட்டை சாந்தி நகரில் அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் இருந்தது ஒரே வகைக் கணினிதான். அரசு கொடுத்த விலையில்லாக் குடும்பக் கணினி. குடும்பத் தலைவிகளுக்கு மட்டும்தான் தருவோம் என்று அறிவித்தார்கள். அறிவித்த வாரமே தெருவிலிருந்த ஆண்கள் அத்தனை பேரும் தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நின்று, குடும்ப அட்டையில் தலைமைப் பதவியைத் துறந்து மனைவியின் பெயரை எழுதிவிட்டு வந்தார்கள். உலகத்தில் எங்கும் ஆட்சி மாற்றம் இவ்வளவு அமைதியாக நடந்ததில்லை. வைத்தியலிங்கமும் துறந்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் விளக்கம் சொன்னார்: "பேருக்குத்தான், கேட்டியா?"

"பேருலயாவது இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் செண்பகவல்லி.

பெட்டி வந்தது. கூடவே ஆளுக்கொரு வில்லை. துவரம்பருப்பு அளவில், காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள வேண்டியது. ஆளை அடையாளம் காண்பதற்காக இருக்கும் என்று எல்லாரும் ஒட்டிக்கொண்டார்கள். விளக்கப் புத்தகம் ஒன்றும் வந்தது. அது கட்டில் காலுக்கு அடியில் நல்ல பலன் தந்தது.

வைத்தியலிங்கம் போக்குவரத்துக் கழகத்தில் கால அட்டவணைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பேருந்து எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்று ஆயுள் முழுக்க எழுதினார். பேருந்துகள் அதைப் படித்ததில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அந்த உத்தியோகத்தால் எந்தக் கோளாறையும் முறைப்படி அணுகும் பழக்கம் அவருக்கு வந்திருந்தது. முதலில் கணினியை அணைத்துப் போட்டார். மறுநாள் மத்தியானம் வரை ஒழுங்காக ஓடிவிட்டு மறுபடி நின்றது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் பின்பக்கத்துக் காற்றுத் துளைகளை ஒன்று விடாமல் அடைத்திருந்தன. பொட்டு வைத்தவர் அவரே என்பதால் அந்தக் குற்றத்தை விசாரணையில்லாமல் முடித்துவிட்டு, ஊக்கால் துளை துளையாக நோண்டினார். அப்புறம் சேர்ந்திருந்த குட்மார்னிங் படங்களை அழித்தார். ரோஜா, சூரியன், ரோஜாவுக்குள் சூரியன், சூரியனுக்குள் குழந்தை. கடைசியாக மேசை விசிறியைப் பெட்டிக்கு நேரே திருப்பி வைத்தார். வீடே வியர்வையில் குளிக்க, பெட்டி மட்டும் காற்று வாங்கிற்று. திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

வேறு வழியில்லாமல் சர்வீஸ்காரனைக் கூப்பிட்டார்கள். ராயப்பன் வந்தான். எந்நேரமும் நல்ல செய்தி சொல்லத் தயாராக இருக்கிற முகம். பெட்டியைத் திறந்தான். உள்ளே ஒரு பச்சை விளக்கும், ஒரு பல்லியும், மற்றபடி தாராளமாகக் காலி இடமும் இருந்தன.

வைத்தியலிங்கம் பதறிப்போனார். "எல்லாத்தையும் களவாண்டுட்டுப் போயிட்டானுவளே!"

"களவு இல்ல சார். உள்ள எப்பவுமே ஒண்ணும் கிடையாது. பல்லி மட்டும் கம்பெனியோடது இல்ல."

"அப்பம் இது எதுல ஓடுது?"

"உங்கள்லதான் சார்."

அவர் தம்மை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துக்கொண்டார்.

"சிப்பு விக்கிற விலைக்கு வீட்டுக்கு வீடு சும்மா கொடுக்க முடியுமா சார்?" ராயப்பன் ஒரு திருகாணியைச் சட்டையில் துடைத்தான். "ஆனா மூளை இருக்குல்லா? வீட்டுக்கு நாலு இருக்கு. பெரும்பகுதி சும்மாத்தான் கிடக்கு. காதுக்குப் பின்னால இருக்க வில்லை, அந்தச் சும்மா கிடக்கதை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டுக்கிடும். வலி கிடையாது, கரண்ட் செலவு கிடையாது. சோறு போட்டாப் போதும்."

"எங்களைக் கேக்காமலா?"

"பெட்டி வாங்கும்போது அம்மா விரல் வெச்சாங்கள்லா. தலைவி வெச்சா குடும்பமே வெச்ச மாதிரி."

இளவழுதிக்கு நியாய அநியாயம் பேச நேரமில்லை. "அதெல்லாம் சரிண்ணே. ஏன் நிக்குது? அதைச் சொல்லுங்க."

ராயப்பன் குரலைத் தாழ்த்தினான். பக்கத்து வீட்டில் கேட்டால் குடும்ப மானம் போய்விடும் என்பது போல.

"வீட்டுல யாரோ யோசிக்கிறாங்க."

 வைத்தியலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார். குடும்பத்துக்காகப் பழியை ஏற்கிறவரின் கம்பீரம் முகத்தில் இருந்தது. "மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. நான்தான். சின்ன வயசுலேருந்தே அப்படி. என்ன செய்ய, மூளை ஓஞ்சு இருக்க மாட்டேங்கு."

"பாத்திருவோம் சார். கொஞ்ச நேரம் யோசிக்கிறத நிறுத்துங்க."

வைத்தியலிங்கம் கண்ணை மூடினார். புருவத்தைச் சுருக்கினார். நிறுத்தினார்.

"நிறுத்த ஆரம்பிங்க சார்."

"நிறுத்தி எவ்வளவு நேரமாச்சு!"

ராயப்பன் தன் கையிலிருந்த கருவியைத் தட்டிப் பார்த்தான். முள் அசையவே இல்லை. "சார், உங்கள்ல நூத்துக்குத் தொண்ணூத்தாறு எப்பவும் காலி. அருமையான நிலைமை. இந்தத் தெருவுலயே நீங்கதான் முதல். மாடி வீட்டு டி.வி.கூட உங்கள்லதான் ஓடுது. சொல்லியிருக்க மாட்டாங்களே?"

சொல்லவில்லை. மாடி வீட்டுக்காரர் படியில் பார்க்கும்போதெல்லாம் இவ்வளவு பணிவாக ஏன் கும்பிடுகிறார் என்பது அன்றைக்குத்தான் அவருக்கு விளங்கிற்று.

இளவழுதியையும் பார்த்தார்கள். அவனில் பாதி வேலையில் இருந்தது, மீதிப் பாதி கைப்பேசியில் இருந்தது. குற்றம் சொல்ல ஏதுமில்லை. பிறகு ராயப்பன் அடுக்களைப் பக்கம் திரும்பினான். மற்ற இருவரும் திரும்பினார்கள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த செண்பகவல்லி நிமிர்ந்து பார்த்தாள். கருவியின் முள் துள்ளிப்போய் மறு முனையில் முட்டி நின்றது. திரையில் வட்டம்கூடச் சுற்றுவதை நிறுத்தியது.

"அம்மா, கொஞ்சம் யோசிக்காம இருங்களேன்."

"எப்படி இருக்கணும்?"

"சார் மாதிரி."

அவள் கணவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு முகத்தை அதே மாதிரி வைத்துக்கொண்டாள். கணினி பாய்ந்து எழுந்தது. காலையிலிருந்து திறக்காத கோப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் படபடவென்று திறந்தன.

"அப்படி என்னம்மா யோசிக்கீங்க?"

"ஒண்ணுமில்லயே."

மறுபடி உறைந்தது.

"ஒண்ணுமில்லாததுக்கு இவ்வளவு எடுக்காதும்மா."

செண்பகவல்லி கீரைத் தண்டை ஒடித்தாள். "ஒரு விஷயம். பாதியில நிக்கு. முடிஞ்சதும் சொல்லுதேன்."

என்ன விஷயம் என்று கேட்க வைத்தியலிங்கத்துக்குத் தோன்றவில்லை. போன வாரம் சாப்பாடு போடும்போது அவள் கேட்ட ஒரு கேள்வி மட்டும் லேசாக ஞாபகம் வந்தது. "ஏங்க, பஸ் எதுவும் அந்த நேரத்துக்கு வராதுன்னு உங்களுக்கே தெரியும்லா? தெரிஞ்சே எதுக்கு அவ்வளவு சுத்தமா நேரம் எழுதுனீங்க?" அவர் அப்போது சிரித்துவிட்டு ரசம் கேட்டார்.

ராயப்பன் பையிலிருந்து ஒரு புது வில்லையை எடுத்தான். இது கொஞ்சம் கறுப்பு. "மட்டுப்படுத்தி. கம்பெனி புதுசா விட்டிருக்கு. பத்துல ஒரு பங்கை அம்மாவுக்கு விட்டுரும். சமையல், குளியல், கோயில் எல்லாம் தாராளமா அதுக்குள்ள அடங்கிரும். மிச்சம் கணினிக்கு. தலைமையோட விரல் மட்டும் வேணும்."

வைத்தியலிங்கம் கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

"நீங்க இல்ல சார். அம்மா."

நீட்டிய விரலை என்ன செய்வது என்று தெரியாமல் அவர் மூக்கைச் சொறிந்துகொண்டார்.

செண்பகவல்லி மகனைப் பார்த்தாள். "உன் வேலை போயிருமால?"

"போயிரும்மா."

"ரெண்டு நாள் பொறுக்கக் கூடாதா? முடியப் போவுது. இவ்வளவு தூரம் வந்துட்டேன்."

"நாளைக்கு மீட்டிங்மா."

"யோசிச்சு நீ என்ன செய்யப் போற?" என்றார் வைத்தியலிங்கம் ஆறுதலாக. "யோசிக்கதுக்கு நான் இருக்கேன்லா."

அவள் ராயப்பன் பக்கம் திரும்பினாள். "வேண்டாம்னா திரும்ப எடுத்துக்கிடலாமா?"

"எப்ப வேணும்னாலும் எடுக்கலாம்மா. நீங்களே வாயத் திறந்து கேக்கணும், அவ்வளவுதான். இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் கேட்டதில்ல. அவ்வளவு திருப்தி."

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு விரலை வைத்தாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக் கணினி ஓடிய ஓட்டத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். இளவழுதி கேள்வியை அடிக்க ஆரம்பிக்கும்போதே பதில் வந்து காத்துக்கொண்டிருந்தது. கனடாக்காரர்கள் அவனைக் குழுத் தலைவனாக்கினார்கள். வாழ்த்துப் படமாக மட்டும் பழைய முகத்தையே வைத்துக்கொண்டார்கள்.

செண்பகவல்லியைப் பற்றித் தெருவே புகழ்ந்தது. எதைக் கேட்டாலும் சிரித்த முகத்தோடு "சரிங்க" என்றாள். எதிர்வீட்டுக்காரர்கள் தங்கள் உடைந்த பீரோவை இங்கே வைத்துக்கொள்ளலாமா என்றார்கள், சரிங்க. சுத்தமல்லியிலும் தாழையூத்திலும் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம். இரண்டு வீட்டாருக்கும் முதல் ஆளாக வந்து நிற்பதாகச் சரிங்க. கம்பளி விற்கிறவன் பங்குனி வெயிலில் வந்தான், அவனுக்கும் சரிங்க. தினம் முருங்கைக்காய்ச் சாம்பார் வைத்தாள், ஏனென்றால் முதல் நாள் அதுதான் வைத்திருந்தாள். "தங்கமான பொம்பள" என்றார்கள். அந்தத் தங்கத்தின் ரகசியத்தை விசாரித்துக்கொண்டு தெரு ஆண்கள் ஒவ்வொருவராக ராயப்பனைக் கூப்பிட, மாதக் கடைசிக்குள் சாந்தி நகர் பேருக்கேற்றபடி ஆகிவிட்டது.

வைத்தியலிங்கத்துக்குத்தான் சின்னச் சின்னத் தொந்தரவுகள். ரத்தக்கொதிப்பு மாத்திரை தானாகவே தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும் பொருள் என்று அவர் நினைத்திருந்தார். வரவில்லை. கேஸ் தீர்ந்தது. அது தீரும் என்பதே அவருக்குப் புதுச் செய்தி. எந்தத் தண்ணீர் குடிக்கிறதுக்கு, எந்தத் தண்ணீர் புழங்குகிறதுக்கு, பால்காரன் எந்த நாள் வரமாட்டான், தங்கச்சி வீட்டோடு இப்போது பேச்சுவார்த்தை உண்டா இல்லையா, எல்லாவற்றுக்கும் ஒருவர் யோசிக்க வேண்டியிருந்தது. அவர் யோசித்தார். முதலில் தலை வலித்தது. பிறகு பழகிவிட்டது.

ஒரு சாயங்காலம் சாம்பாரைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "அன்னைக்கு ஏதோ பாதியில நிக்குன்னியே, என்ன அது?"

"எதுங்க?"

"முடிஞ்சதும் சொல்லுதேன்னியே."

"அப்படியா சொன்னேன்?" என்று சிரித்தாள். "இன்னும் ஒரு கரண்டி ஊத்தவா?"

அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவள் சொன்ன "இவ்வளவு தூரம் வந்துட்டேன்" திரும்பத் திரும்பக் காதில் கேட்டது. எவ்வளவு தூரம்? எங்கேயிருந்து? அவரிடம் இருந்த ஒரே துப்பு அந்த பஸ் கேள்விதான். சரி, அவள் விட்ட இடத்திலிருந்து நாமே போய்ப் பார்ப்போம் என்று அதைக் கையில் எடுத்தார். வராது என்று தெரிந்தே எதற்கு நேரம் எழுதினேன்? சம்பளத்துக்கு என்பது முதல் பதில். அது உண்மை, ஆனால் அவ்வளவு சுத்தமாக எழுதியதற்கு அது காரணமில்லை. சிவப்பு மையில் அடிக்கோடு போட்டதற்கும் காரணமில்லை. குளிக்கும்போது யோசித்தார். காய்கறிக் கடையில் நின்று யோசித்தார். மாடி வீட்டு டி.வி.யில் படம் பொரி பொரியாக வந்தது. மாடிக்காரர் கும்பிடுவதை நிறுத்தினார்.

அந்த வாரமே இளவழுதி மறுபடி வாயைத் திறந்தபடி உறைந்தான்.

ராயப்பன் வந்தபோது தகப்பனும் மகனும் ஒரே குரலில் "நான்தான் வரச் சொன்னேன்" என்றார்கள்.

"முதல்ல நான் சொல்லுதேன்" என்றார் வைத்தியலிங்கம். "அந்தக் கறுப்பு வில்லையை இவகிட்டருந்து எடுத்திரும்வே. இவ ஒரு விஷயத்தைப் பாதியில விட்டிருக்கா."

"அப்பா! என் வேலை?"

"வேற வேலை பாப்பம்ல. உங்கம்மா வேற கிடைக்க மாட்டா." சொல்லிவிட்டு மனைவியிடம் திரும்பினார். "எடுத்திருவமா செண்பகம்?"

"சரிங்க."

"கேட்டீரா? வாயத் திறந்து சொல்லிட்டா."

"எடுத்திரலாம் சார். குடும்ப அட்டையைக் கொஞ்சம் காட்டுங்க."

"வைக்கும்போது கேக்கலியே?"

"வைக்கதுக்கு விரல் போதும் சார். எடுக்கதுக்குத்தான் அட்டை வேணும். விதிமுறை."

"அட்டை எங்க இருக்கு செண்பகம்?"

"எந்த அட்டைங்க?"

அவர் உள்ளறைக்குப் போய் பீரோவைத் திறந்தார். சேலை அடுக்குக்கு அடியில் கையை விட்டார். ஜாதகங்கள் வந்தன, ஒரு ரவிக்கைத் துணி வந்தது, எப்போதோ திருச்செந்தூரில் எடுத்த படம் வந்தது. கை பீரோவில் தேடிக்கொண்டிருந்தது. மனசு வண்ணார்பேட்டை நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது. அங்கே ஒருநாள் பார்த்த ஒரு பெண் இன்றைக்கு, இத்தனை காலம் கழித்து, ஏனோ கண்ணுக்குள் வந்தாள். இடுப்பில் பிள்ளை. இன்னொரு கையில் பை. அவர் எழுதிய பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தாள், "ஏழு இருவதுக்கு வருமாம்டா" என்று பிள்ளையிடம் சொன்னாள், பையைக் கீழே வைத்தாள், உட்கார்ந்தாள். அவள் முகம். அதுவரை இருந்த முகம் வேறு, உட்கார்ந்த பிறகு இருந்த முகம் வேறு.

கூடத்தில் இளவழுதியின் குரல் தாழ்ந்து கேட்டது. "யம்மா, அப்பாவுக்கும் ஒண்ணு வெச்சிரலாமா? கொஞ்ச நாளைக்குத்தான்."

"சரிப்பா."

"விரலை இப்படி வைங்கம்மா. பழைய வில்லையைக் கழத்தவே வேண்டாம், இங்கருந்தே அதை மட்டுப்படுத்திரலாம்" என்றது ராயப்பனின் நல்ல செய்திக் குரல்.

வைத்தியலிங்கத்துக்குக் காதில் விழுந்தது. ஓடிப்போய்த் தடுக்க வேண்டும் என்றும் தெரிந்தது. ஆனால் பதில் வாசல்வரை வந்துவிட்டது. இதை மட்டும் முடித்துவிட்டுப் போய்விடலாம். விரலில் கெட்டியாக ஒரு அட்டை தட்டுப்பட்டது, வெளியே இழுத்தார். முடிந்ததும் அவளிடம் சொல்ல வேண்டும். செண்பகம், நான் நேரம் எழுதியது பஸ்ஸுக்காக இல்லை. அங்கே நிற்கிறவங்களுக்கு...

பீரோ திறந்திருந்தது.

கையில் ஒரு அட்டை இருந்தது. அதில் செண்பகவல்லி என்று எழுதியிருந்தது. நல்ல பெயர். வெளியே கிடந்தால் தொலைந்துவிடும் என்று அதைச் சேலை அடுக்குக்கு அடியில் பத்திரமாக வைத்து, பீரோவைப் பூட்டிவிட்டுக் கூடத்துக்கு வந்தார்.

கணினி பறந்துகொண்டிருந்தது. இளவழுதி யாருடனோ ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தான். வாய் திறந்து திறந்து மூடிற்று. அப்பா பக்கம் அவன் திரும்பவில்லை.

"அட்டை கிடைச்சுதா சார்?"

"எந்த அட்டை?" என்றார் வைத்தியலிங்கம்.

ராயப்பன் பையை மூடினான். செண்பகவல்லி கணவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இருவர் முகமும் இப்போது ஒரே மாதிரி இருந்தது.

"வேற ஏதும் குறை உண்டா சார்? அம்மா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏதோ சொல்லவேண்டியது இருந்தது போல ஒரு கணம் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள்.

"ஒரு குறையும் இல்ல."

மாடி வீட்டு டி.வி.யில் படம் அன்றைக்குத் துல்லியமாக வந்தது.